புளியாரைக்கு வந்த பழி

நல்லூர், திருப்பூர்
மார்கழி மாசம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன்ற கடுதாசி வந்து சேர்ந்துச்சு. குன்னூர்ல குளிரு, கை விறைச்சுப்போச்சு, அதனால எழுத்து கோணலா வருதுன்னு சாக்கு எழுதியிருக்கே. காலேஜ்ல ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சு பேர் எழுதறப்பவும் உன்ற எழுத்து இப்படித்தான் இருந்துச்சு. அப்ப எந்தக் குளிரு வந்து கையைப் பிடிச்சுச்சு? போகட்டும். போன்ல பேசலாம்னா எதுத்த வீட்டு மாடியில பவர்டேபிள் போட்டுட்டாங்க. காலையில ஓட ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் நீ ஒண்ணு சொல்ல, என் காதுல ஒண்ணு விழுகும். அதுக்குத்தான் நானும் பேனாவை எடுத்தேன்.

ஊர்ச் சேதியை முதல்ல முடிச்சுடறேன். மூணாவது வீட்டுப் புள்ளைக்குப் பெருந்துறைப் பக்கம் மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு. எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசராம். அவங்க அம்மா வீதியெல்லாம் "மேனேஜரு, மேனேஜரு"ன்னு சொல்லிட்டுத் திரியுது. தையில முகூர்த்தம். நம்ம மளிகைக்கடை அண்ணன் கடையை வித்துட்டாரு, இப்ப அங்க ரெண்டு ஓவர்லாக்கும் ஒரு காஜா மிஷினும் ஓடுது. 2011-ல நல்லூர் நகராட்சியைத் திருப்பூர் மாநகராட்சியோட சேர்த்தாங்களே, அப்பக் கொஞ்சம் நஞ்சம் மிச்சமிருந்த காடும் இப்ப கம்பெனியாவும் சைட்டாவும் ஆகிப்போச்சு. காங்கயம் ரோட்டைத் தாண்டறதுக்கு விஸ்வேஸ்வர சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் காலை வைக்கோணும்.

இப்ப எங்கூட்டுச் சண்டைக்கு வர்றேன். சிரிக்காதே. புளியாரைச் செடியால சண்டை.

என்ற கொழுந்தனாரு பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துல மக்காச்சோளம் போட்டிருக்காரு. பல்லடத்தைச் சுத்திக் கோழிப்பண்ணை இருக்கிற வரைக்கும் மக்காச்சோளத்தை வாங்க ஆள் இருக்கும்னு அவரு கணக்கு. 2018-ல படைப்புழு வந்து கையைச் சுட்டுக்கிட்டும் மனுசன் விடலை. இந்தத் தடவை புழு அடங்கிக் கிடக்குது, ஆனா இலையில செங்கல் நிறத்துக் கொப்புளம். மேல்பக்கமும் இருக்குது, அடிப்பக்கமும் இருக்குது. விரல்ல தேச்சாப் பொடி ஒட்டுது. உனக்குத் தெரிஞ்சிருக்குமே, துரு நோய்தான். மருந்துக்கடையில நின்னுட்டிருந்த எவரோ ஒருத்தரு, "அது புளியாரையில இருந்து வர்றதுங்க"ன்னு வாயை வெச்சுட்டாரு.

ஞாயித்துக்கிழமை ஒறம்பரைக்கு வந்தவரு மொட்டைமாடிக்குப் போனாரு. அங்க என்ற ரோசாத் தொட்டி, கருவேப்பிலைத் தொட்டி எல்லாத்துலயும் புளியாரைதான் படர்ந்து கிடக்குது. மஞ்சப்பூ, மூணு மூணா நெஞ்சு வடிவத்து இலை, தொட்டாத் தெறிக்கிற காய். "ஏனுங் அண்ணி, இந்தச் சனியனை வளர்த்துட்டா எங்க வெள்ளாமை எப்படீங் வெளங்கும்?"னு களைக்கொத்தைத் தேட ஆரம்பிச்சுட்டாரு. பொங்கலூர் எங்க, என்ற மொட்டைமாடி எங்க! என்ற அத்தை மேல ஏறி வந்தாங்க. அவங்களுக்குக் குத்துவிளக்கு தேய்க்கப் புளியாரை ஓணும், வாயி கசந்தாத் துவையல் அரைக்கோணும். "என்ற செடியில கை வெச்சே, அப்புறம் சோறு கிடையாது"ன்னுட்டாங்க. ஓரகத்தி ஒரு வார்த்தை பேசலை. ஆனா அவ கண்ணு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதாக்கும்?

கொழுந்தனாரு சொன்னது முழுப் பொய்னா நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். அதுல பாதி நெசம் இருக்குது. அதனாலதான் எனக்கு ஆத்திரம்.

நெசம் எதுன்னா, இந்தத் துருப் பூஞ்சைக்கு ரெண்டு வீடு. பக்சீனியா சார்கின்னு பேரு. 1832-ல அமெரிக்காவுல ஷ்வைனிட்ஸ்ங்கிறவரு வெச்சது. நம்ம சோளத்தை அது தொடறதில்லை, மக்காச்சோளத்துலதான் குடித்தனம். சோளத்துக்குன்னு தனியா பக்சீனியா பர்பியூரியான்னு ஒண்ணு இருக்குது. அதுவும் பங்காளிதான்.

மக்காச்சோளத்து வீட்டுல சாப்பாடு, புழக்கம், பெருக்கம் எல்லாம் நடக்கும். கல்யாணம் மட்டும் நடக்காது. செங்கல் நிறத்து வித்து காத்துல பறந்து அடுத்த மக்காச்சோள இலையில விழும், ஈரம் இருந்தா முளைக்கும், வாரம் பத்து நாள்ல அங்க ஒரு கொப்புளம், அதுல மறுபடி ஆயிரக்கணக்குல வித்து. எல்லாம் அப்பனை அச்செடுத்த நகல்தான். பயிர் முத்திக் காய ஆரம்பிச்சதும் அதே கொப்புளத்துல கறுப்பு வித்து வரும். இந்தக் கறுப்பு வித்து முளைச்சு விடற பொடி வித்துக்கு மக்காச்சோளம் ஆகாது. பொறந்த வீட்டுக் கதவே அதுக்குத் திறக்காது. புளியாரை இலையில விழுந்தாத்தான் பொழைப்பு.

புளியாரை வீட்டுலதான் அந்தச் சடங்கு. இலையோட மேல்பக்கம் பொடிப்பொடியாப் புள்ளி எழும்பும், அதுல ஒரு துளி தேன் ஊறும். ஒரே ஜாதகக்காரங்க ரெண்டு பேரு சேர முடியாது. வேற ஜாதகத்துத் துளி வந்து கலந்தாத்தான் சேர்க்கை. கலந்துட்டா, இலையோட அடிப்பக்கம் கொத்துக் கொத்தாச் சின்னக் கிண்ணம் திறக்கும். விளிம்பு வெள்ளையாக் கிழிஞ்சு மடங்கியிருக்கும், உள்ளே ஆரஞ்சு மஞ்சள் பொடி. அந்தப் பொடிக்குப் புளியாரை ஆகாது! காத்துல ஏறி மக்காச்சோளத்தைத் தேடிப் போகோணும். பெத்த வீட்டுல ஒரு நாளும் தங்க முடியாத புள்ளைங்க. இப்படி ரெண்டு வீட்டுக்கும் நடையா நடந்து அஞ்சு விதமான வித்து. நாம பரீட்சைக்கு அஞ்சு பேரையும் மனப்பாடம் பண்ணினோமே, நீ மூணாவதுல திக்கி நின்னு என்ற பேப்பரை எட்டிப் பார்த்தியே, அதுதான்.

இந்த ரெண்டு வீட்டுச் சமாச்சாரத்தை உலகம் லேசுல நம்பலை. கோதுமைத் தண்டுல வர்ற கருந்துருவுக்கும் பார்பெரின்னு ஒரு முள்ளுச் செடிக்கும் தொடர்பு இருக்குதுன்னு ஐரோப்பாவுல குடியானவங்க எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. பிரான்சுல ரூவான் ஊர்ல 1660-லயே அந்தச் செடியை வெட்டச் சொல்லிச் சட்டம் போட்டாங்க. படிச்சவங்க சிரிச்சாங்க. கோதுமைத் துரு வேற, பார்பெரி இலைக் கிண்ணம் வேறன்னாங்க. ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஜெர்மனியில அன்டன் டி பேரி நிரூபிச்சது 1865-ல. அதுக்கும் ரூவான் சட்டத்துக்கும் நடுவுல இருநூறு வருசம். எனக்கு இந்த விசயத்துல படிச்சவங்க மேல இன்னும் கோபம்தான்.

மக்காச்சோளத் துருவோட இன்னொரு வீடு புளியாரைக் குடும்பத்துலதான்னு காட்டினது இண்டியானாவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல இருந்த ஜே.சி. ஆர்தர். வருசம் 1904. மனுசன் வாழ்நாள் பூரா இதே வேலை. எந்தத் துருவுக்கு எங்க இன்னொரு வீடுன்னு தேடித் தேடிப் பிடிக்கிறது. நம்ம வீதியில இருந்திருந்தா எத்தனை குடும்பம் கலைஞ்சிருக்குமோ!

அதுக்கப்புறமும் ஒரு முடிச்சு அவிழலை. இலை மேல ஊறுற அந்தத் தேன் எதுக்கு? டி பேரிக்கும் சரியாத் தெரியாது. டி பேரி நிரூபிச்சு அறுபது வருசம் ஆன பின்னாடி, 1927-ல, கனடாவுல வின்னிபெக் ஆய்வகத்துல கிரெய்கின்னு ஒருத்தரு, ஒரு புள்ளியில இருந்த தேனை எடுத்து இன்னொரு புள்ளியில வெச்சுப் பார்த்தாரு. சில நாள்ல கிண்ணம் திறந்துருச்சு. கலக்காம விட்ட புள்ளியெல்லாம் மலடாவே நின்னுச்சு. வெளியில இந்த வேலையைச் செய்யறது யாருன்னா, ஈ. தேனைக் குடிக்க வந்து, கால்லயும் வாயிலயும் ஒட்டினதை அடுத்த இலைக்குக் கொண்டு போகுது. கல்யாணத் தரகரு! கமிஷன் ஒரு துளி தேன். நம்ம மூணாவது வீட்டு வரனை முடிச்ச தரகரு வாங்கின கமிஷனை உனக்கு நேர்ல சொல்றேன், கடுதாசியில எழுதினா யாராச்சும் படிச்சுருவாங்க.

கோயமுத்தூர்லயே இப்படி ஒரு ரெண்டு வீட்டுக் கதை பிடிபட்டிருக்குது, தெரியுமா? நம்ம புரொபசர் வகுப்புல இதைத் தொடவே இல்லை. கம்புப் பயிர்ல துரு வருமில்ல, பக்சீனியா பென்னிசெட்டி. கோவை விவசாய ஆராய்ச்சி நிலையத்துல டி.எஸ். ராமகிருஷ்ணன்னு பூஞ்சை நோய் பார்த்தவரு இருந்தாரு. பின்னாடி சிறுதானிய நோய்களைப் பத்தி அவரு எழுதின புத்தகம் 1963-ல வந்துச்சு. அவரும் சி.கே. சௌமினியும் சேர்ந்து கம்புத் துருவோட இன்னொரு வீட்டைக் கண்டுபிடிச்சு, 1948-ல இந்தியப் பயிர்நோய்ப் பத்திரிகையோட முதல் தொகுதியில எழுதினாங்க. அந்த இன்னொரு வீடு எதுன்னு நினைக்கிறே? கத்தரிச்செடி!

ஆமாம், நம்ம கத்தரிக்காய்ச் செடிதான். கத்தரி இலையில மஞ்சத் திட்டு, திருப்பினா அடியில ஆரஞ்சுக் கிண்ணக் கொத்து. அதுல இருந்து பறக்கிற வித்து கம்புக்குப் போகுது. கொங்கு நாட்டுல அப்பக் கம்பங்காடு எத்தனை, கொல்லையில கத்தரி எத்தனைன்னு யோசிச்சுப் பாரு. நம்ம ஆத்தாக்காரிங்க கம்மங்கூழு ஒரு கையில, கத்தரிக்காய்ப் பொரியல் ஒரு கையிலன்னு ரெண்டு வீட்டையும் ஒரே வட்டில்ல பரிமாறியிருக்காங்க. அவங்க காலத்துலதான் பத்து கல்லு தள்ளி ஆய்வகத்துல ஒருத்தரு லென்சை வெச்சு அந்தத் தொடர்பைப் பிடிச்சுட்டிருந்திருக்காரு. எனக்கு இதை நினைச்சா சந்தோசமா இருக்குது. டி பேரி, ஆர்தர், கிரெய்கின்னு பரீட்சையில எழுதி எழுதி, இந்த வேலையெல்லாம் குளிர் நாட்டுக்காரங்க பண்றதுன்னே மனசுல பதிஞ்சுபோச்சு. நம்ம கோயமுத்தூர்ல லாலி ரோடு தாண்டிப் போனா அங்கயும் நடந்திருக்குது.

இதைச் சொல்லித்தான் கொழுந்தனாரைக் கேட்டேன். "கம்புக்குத் துரு வருதுன்னு எவராச்சும் கத்தரித் தோட்டத்தைப் புடுங்கி எறிஞ்சாங்களா? அதுக்குச் சந்தையில விலை இருக்குது. புளியாரைக்குக் கேட்க நாதியில்லை, அதுதானே?" அவரு மொகம் சுண்டிப்போச்சு. அத்தை கீழ இருந்து "அப்படிக் கேளு"ன்னாங்க. அவங்களுக்குக் கம்பும் தெரியாது கத்தரியும் தெரியாது, யாரு தோக்கறாங்கன்னு மட்டும் தெரியும்.

நீ கேட்பே, ரெண்டு வீடுங்கிறது நெசம்னா ஒரு வீட்டை இடிச்சா இன்னொண்ணு தானா ஒழிஞ்சிருமேன்னு. அமெரிக்காக்காரன் அப்படித்தான் நினைச்சான். 1918-ல ஆரம்பிச்சு, பள்ளிக்கூடப் புள்ளைங்களைக்கூட ஏவிவிட்டு, கோடிக்கணக்குல பார்பெரிச் செடியை வெட்டித் தள்ளினான். அங்க அதுல பலனும் இருந்துச்சு. வடக்குல குளிர்காலத்துப் பனியில செங்கல் நிறத்து வித்து செத்துப்போகும். மறு வருசம் அந்த ஊர்லயே துரு துளிர்க்கோணும்னா கறுப்பு வித்து பனியைத் தாங்கி நின்னு பார்பெரி வீட்டுக்குப் போய்த்தான் ஆகோணும். புதுப் புது ரகத் துரு பொறக்கிறதும் அந்தக் கல்யாணத்துலதான்.

நம்ம நாட்டுல கதை தலைகீழ். ஆக்ரா காலேஜ்ல கே.சி. மேத்தான்னு ஒருத்தரு 1920-கள்ல இருந்து சாகிற வரைக்கும் கோதுமைத் துருவையே துரத்தினாரு. இமயமலையில பார்பெரி ஏராளமா இருக்குது, பழியும் அதுமேலதான் விழுந்துச்சு. அவரு ஊர் ஊராக் கண்ணாடி வில்லையைக் காத்துல வெச்சு வித்தைப் பிடிச்சுப் பார்த்து, பார்பெரிக்கும் நம்ம சமவெளிக் கோதுமைக்கு வருசா வருசம் வர்ற துருவுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லிட்டாரு. வெயில் காலத்துல சமவெளியில துரு வித்து தாங்காது. மலையில தாங்கும். அங்க வருசம் பூரா எங்கயோ ஒரு மூலையில கோதுமை பச்சையா நிக்கும், துரு அதுல குடியிருக்கும். கல்யாணமும் வேண்டாம், இன்னொரு வீடும் வேண்டாம். நகல் எடுத்துக்கிட்டே காலத்தை ஓட்டிரும். சமவெளியில விதைச்சதும் காத்துல இறங்கி வந்துரும்.

எந்த மலைன்னு கேளேன். வடக்க இமயமலை. தெக்க, உன்ற நீலகிரியும் பழனி மலையும்! மத்திய இந்தியாவுக் கோதுமைக்குக் கருந்துருவை அனுப்பறது உன்ற ஊர்தான் அம்மிணி. சாயங்காலம் சால்வையைப் போத்திட்டு நீ நடந்து போற அந்த வெலிங்டன்ல இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோட கோதுமை நிலையம் எதுக்கு இருக்குதுன்னு நினைச்சே? துரு அங்க வருசம் பூரா கிடைக்கும், எந்தக் கோதுமை ரகம் தாங்குது, எது தாங்கலைன்னு அங்கயே வெச்சுப் பார்த்துக்கலாம். 1970-கள்ல எஸ். நாகராஜனும் கூட இருந்தவங்களும் வானிலைப் படத்தையும் துரு வந்த தேதியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. வங்கக் கடல்ல நவம்பர் வாக்குல புயல் வந்து, ஒரு குறிப்பிட்ட பாதையில நகர்ந்தா, தெக்குமலை வித்து அந்தக் காத்துல ஏறி மத்திய இந்தியாவுக்குப் போய், அங்க மழையோட மழையா இறங்குதுன்னு சொன்னாங்க. நாம புயல்னா ஸ்கூல் லீவான்னு பார்ப்போம், அது டிக்கெட் இல்லாம ரெண்டு மாநிலம் தாண்டுது. உன்ற வீட்டு வேலியோரம் ஊசிக்கலாச் செடி இருக்குதுன்னு எழுதியிருந்தியே, புளிப்பா நீலமாப் பழம் விடுமே, அதுவும் பார்பெரி சாதிதான். அதுமேல சந்தேகப்பட்டு வெட்டிராதே.

இன்னொரு வீடே இதுவரைக்கும் பிடிபடாத துருவும் ஒண்ணு இருக்குது. காப்பித் துரு, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். 1869-ல இலங்கையில தலை காட்டி, இருபது வருசத்துக்குள்ள அந்தத் தீவோட காப்பித் தோட்டத்தையே காலி பண்ணிருச்சு. மார்ஷல் வார்டுன்னு இளவட்டம் ஒருத்தரை 1880-ல அனுப்பினாங்க, அவரு நோயைத் துப்புரவாப் புரிஞ்சுக்கிட்டாரு, ஆனா காப்பியைக் காப்பாத்த முடியலை. நம்ம பக்கத்துல இருந்து காப்பிக்குன்னு கப்பலேறிப் போன சனங்க அங்கயே தேயிலை பறிக்க ஆரம்பிச்சது இதுக்கப்புறம்தான். நூத்தம்பது வருசம் தாண்டிருச்சு, அதுக்கு இன்னொரு வீடு இருக்குதா இல்லையான்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அத்தனை சாமர்த்தியம்.

சரி, மொட்டைமாடிக்கு வருவோம். காலேஜ்ல வாங்கின கைலென்சு இன்னும் என்ற தையல் பெட்டியில இருக்குது. தொட்டி தொட்டியா உக்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல தேன் புள்ளி இல்லை, அடியில கிண்ணம் இல்லை. ரெண்டு மூணு இலை செவந்து கிடந்துச்சு, அது வெயிலுக்கு. கொழுந்தனாரையும் உக்காரவெச்சு லென்சைக் குடுத்தேன். அவரு லென்சைக் கண்ணுல இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுட்டு, "ஒண்ணும் தெரியலைங்"ன்னாரு. தெரியாததுதானுங் சேதின்னேன்.

புளியாரையில அந்தக் கல்யாணம் இயற்கையா நடக்கிறதைப் பார்த்தவங்க இருக்காங்க. மக்காச்சோளத்தோட தாய்வீடான மெக்சிகோ மேட்டு நிலத்துல, தென்னாப்பிரிக்காவுல, 1960-கள்ல நேபாள மலையில. மூணும் ஈரமும் குளிரும் உள்ள இடம். திருப்பூர்ல அதுக்கு ஓணும்கிற குளிரு கிடைக்கிறது மார்கழியில பனி இறங்குற நாலு விடியக்காலையிலதான். பதினாறுல இருந்து இருபத்தஞ்சு டிகிரி வரைக்கும் இருந்து, இலையில ஈரம் நின்னாத்தான் மக்காச்சோளத் துருவே குஷியா இருக்கும். பங்குனி வந்துட்டா அதுவே சுருண்டுக்கும். இந்தச் சீமையில அது வாழறது மக்காச்சோளத்துல இருந்து மக்காச்சோளத்துக்கு. பொங்கலூர்ல ஒருத்தரு புரட்டாசியில விதைக்கிறாரு, அடுத்தவரு ஐப்பசியில, அதுக்கும் அடுத்தவரு கார்த்திகையில. எப்பவும் ஏதோ ஒரு தோட்டம் பச்சையா நிக்குது. முன்னாடி விதைச்ச தோட்டத்துக் கொப்புளம் பின்னாடி விதைச்ச தோட்டத்துக்குச் சீதனமாப் போகுது.

இதைச் சொன்னதும் ஓரகத்தி அப்பத்தான் மொத மொதல்ல வாயைத் திறந்தா. "அப்படீன்னா எங்க தோட்டத்துக்கு மேக்கால..."ன்னு ஆரம்பிச்சவ பட்டுன்னு நிறுத்திட்டா. ஏன்னு கேளு. மேக்கால தோட்டம் அவளோட அண்ணனோடது! கொழுந்தனாருக்கு மச்சினன். ஒரு மாசம் முன்னாடியே விதைச்சு, துரு வந்து, மருந்தும் அடிக்காம, கருது முத்திருச்சு இனி என்னன்னு விட்டுட்டு அவரு கம்பெனி வேலையைப் பார்க்கப் போயிட்டாரு. மார்கழியில வர்ற வாடை அந்தப் பக்கத்துல இருந்து வீசலைன்னு அவரு தப்பிச்சுக்கலாம், ஆனா சாயங்காலக் காத்து எப்படி வீசுதுன்னு யாரு கணக்கு வெச்சாங்க? கொழுந்தனாருக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்குது, பார்த்துக்க. மச்சினன்கிட்டப் போய்ச் சண்டை போட்டா வீட்டுல ராத்திரிச் சோறு இல்லை. அண்ணி வீட்டுத் தொட்டியில சண்டை போட்டா செலவில்லை. அதுதான் களைக்கொத்தோட வந்திருக்காரு!

அவங்க வேளாண்மை ஆபீஸ்ல லிட்டருக்கு ரெண்டரை கிராம் மேங்கோசெப் கலந்து அடிக்கச் சொல்லியிருக்காங்க. நோய் கண்ணுல பட்டதும் அடிச்சா அது சரிதான். இவரு பயிருல பூட்டை வந்து, கருது பால் பிடிச்சு, மேல் இலையெல்லாம் இன்னும் பச்சையாத்தான் இருக்குதாம். இந்த நிலைமையில மருந்துக்குச் செலவு பண்றது கைக்காசுக்குத்தான் கேடுன்னு என்ற அபிப்பிராயம். பூ எடுக்கறதுக்கு முன்னாடியே கொப்புளம் மேலேறியிருந்தாத்தான் மகசூல்ல கை வைக்கும். அடுத்த தடவை துரு தாங்குற ரகமாப் பாருங், மச்சினனும் நீங்களும் பேசி ஒரே வாரத்துல விதையுங்கன்னேன். முதல்ல சொன்னதுக்குத் தலையை ஆட்டினாரு. ரெண்டாவதுக்கு ஓரகத்தியைப் பார்த்தாரு.

சண்டை தீர்ந்ததும் அத்தை புளியாரையை அள்ளிட்டு வந்து விளக்குத் தேய்க்க உக்கார்ந்துட்டாங்க. அந்தப் புளிப்புல ஆக்சாலிக் அமிலம் இருக்குதில்ல. எங்க கம்பெனி செக்கிங்ல வெள்ளைப் பீஸ்ல துருக் கறை விழுந்துட்டா, கறை எடுக்கிற டேபிள்ல இருக்கிற பையன் பாட்டில்ல வெச்சிருக்கிறதும் அதுதான். கறை போனதும் நல்லாத் தண்ணியில அலசோணும், இல்லைன்னா துணி அந்த இடத்துல நைஞ்சுபோகும். அத்தைகிட்ட இதைச் சொன்னா, "அப்ப அந்தப் பையனுக்கு ஒரு கத்தை புளியாரை குடுத்தனுப்பு, கம்பெனிக்காரன் காசாவது மிச்சமாகட்டும்"ங்கிறாங்க. துவையல் மட்டும் அடிக்கடி வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன். மாமாவுக்குக் கிட்னியில கல்லு வந்த வீடு இது.

உனக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன். உங்க மலையில ரோசாப்பூ நிறத்துல பூ விடற பெரிய இலைப் புளியாரை இருக்குமே, அடியில சின்னச் சின்னக் கிழங்கு வெச்சுப் பெருகி, தேயிலைத் தோட்டக்காரங்களைப் படாதபாடு படுத்துமே, ஆக்சாலிஸ் லாட்டிஃபோலியா. அதோட இலையைத் திருப்பிப் பாரு. அடிப்பக்கம் கிண்ணமா இல்லாம, பளிச்சுன்னு மஞ்சள் ஆரஞ்சுல பொடி வட்டம் வட்டமா இருந்துச்சுன்னா, அது வேற ஆளு. பக்சீனியா ஆக்சாலிடிஸ். நம்ம கதைக்கு நேர் எதிரு, அதுக்குப் புளியாரைதான் புழங்குற வீடு. மெக்சிகோ, மத்திய அமெரிக்காப் பக்கத்துல இருந்து கிளம்பி, தொட்டிச் செடியோட தொட்டிச் செடியா உலகம் சுத்திட்டு இருக்குது. பொடி இருந்தா இலையைத் தபால்ல அனுப்பி வைக்காதே, என்ற தொட்டிக்கு ஏத்திவிட்டுருவே. போட்டோ எடுத்து அனுப்பு. கை ஆடாம எடு.

மூணாவது வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னையும் கூப்பிடச் சொல்லி அந்தம்மா சொல்லுச்சு. மேனேஜரு மாப்பிள்ளையைக் காட்டறதுக்குக் கூட்டம் சேர்க்குது, வேறென்ன. நீ வா. வர்றப்ப அத்தைக்கு வர்க்கி வாங்கிட்டு வா, போன தடவை நீ கொண்டு வந்தது நொறுங்கிப்போச்சுன்னு இன்னும் சொல்லிக்காட்டறாங்க. அந்த மச்சினன் விசயத்தை மட்டும் ஓரகத்தி காதுக்குப் போறமாதிரி யாருகிட்டயும் சொல்லிராதே. அவளுக்குத் தெரியும்ங்கிறது எனக்குத் தெரியும்னு அவளுக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உன்ற பக்கத்து பெஞ்சுக்காரி

பின்குறிப்பு: கோதுமை நிலையத்துல யாரையாச்சும் தெரிஞ்சா, கருந்துரு பிடிச்ச தாளை ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்க விடுவாங்களான்னு கேட்டு வை. புத்தகத்துப் படத்துல பார்த்ததோட சரி.